கழுகுமலை

கழுகுமலை தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய ஊர் ஆகும். பேரூராட்சியாக நிர்வகிக்கப்படும் இவ்வூர், அதன் நடுவே எழுந்து நிற்கும் பாறைக் குன்றின் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. பரப்பில் சிறிய இக்குன்றில் மூன்று வேறுபட்ட தொன்மைச் சின்னங்கள் அமைந்துள்ளன. அவை, பாண்டியர் காலத்து ஒற்றைக்கல் கோயிலான வெட்டுவான் கோயில், பாறை முகத்தில் செதுக்கப்பட்ட சமணச் சிற்பத் தொகுதி, குன்றின் அடிவாரத்தில் அமைந்த கழுகாசலமூர்த்தி கோயில் என்பனவாகும்.

இவற்றுள் வெட்டுவான் கோயில் முற்றுப்பெறாத ஒன்று. அதனைச் செதுக்கியவர் எவருடைய பெயரும் கிடைக்கவில்லை. அதற்கு மாறாகச் சமணச் சிற்பங்களின் கீழ், அவற்றைச் செய்வித்த எளிய மக்களின் பெயர்கள் ஊர்ப்பெயருடன் வெட்டப்பட்டுள்ளன. இதனால் கழுகுமலை, சிற்பக்கலைக்கு மட்டுமன்றித் தமிழகச் சமூக வரலாற்றுக்கும் முதன்மையான சான்றிடமாகக் கருதப்படுகின்றது.

அமைவிடம்

கழுகுமலை, கோவில்பட்டியில் இருந்து மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், சங்கரன்கோவில் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. 1986 ஆம் ஆண்டு அக்டோபரில் தூத்துக்குடி மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும் வரை இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இதற்கு வடக்கே விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, சிவகாசி முதலிய ஊர்களை உள்ளடக்கிய பட்டாசுத் தொழில் வட்டாரம் உள்ளது. கிழக்கே கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்பெற்றது.

சுற்றுவட்டாரம் மழை குறைந்த மானாவாரி நிலம் ஆகும். கரிசல் மண் பரவிய சமவெளியின் நடுவே தனித்து நிற்பதால் குன்று நெடுந்தொலைவில் இருந்தே தெரியும். கடினமான கருங்கல் பாறையால் ஆன இக்குன்று, குடைவரைகளும் புடைப்புச் சிற்பங்களும் அமைப்பதற்கு ஏற்றதாக இருந்தது.

பெயர்

இப்பகுதியின் பழைய பெயர் நெச்சுறம் என்றும் திருநெச்சுறம் என்றும் கல்வெட்டுகளில் காணப்படுகின்றது. குன்று அரைமலை எனக் குறிக்கப்பட்டுள்ளது. கழுகுமலை என்பது பிற்காலத்தில் வழக்கில் நிலைத்த பெயராகும். இராமாயணத்தில் வரும் சடாயுவின் உடன்பிறந்தானான சம்பாதி என்னும் கழுகரசன் இங்கு முருகனை வழிபட்டான் என்பது தலபுராணக் கதை. இதனாலேயே இறைவன் கழுகாசலமூர்த்தி என அழைக்கப்படுகிறார். அசலம் என்பது மலையைக் குறிக்கும் வடசொல்.

வரலாறு

கி.பி. 8 ஆம், 9 ஆம் நூற்றாண்டுகளில் முற்காலப் பாண்டியர் ஆட்சியில் கழுகுமலை சிறப்புற்றிருந்தது. வேள்விக்குடிச் செப்பேட்டினை வெளியிட்ட பராந்தக நெடுஞ்சடையன் 8 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சி செய்தான். வெட்டுவான் கோயில் அவனுடைய காலத்தை ஒட்டியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும்.

குன்றில் உள்ள கல்வெட்டுகளில் மாறஞ்சடையன் என்னும் பாண்டிய மன்னனின் ஆட்சியாண்டுகள் குறிக்கப்பட்டுள்ளன. மாறன், சடையன் என்னும் பெயர்களைப் பாண்டியர் மாறி மாறிச் சூடிக்கொண்டமையால், ஒவ்வொரு கல்வெட்டும் எந்த மன்னனுக்கு உரியது என்பதில் ஆய்வாளரிடையே வேறுபாடு உண்டு. மாறஞ்சடையனின் 23 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, மலைநாட்டில் ஆய் மரபைச் சேர்ந்த சடையன் கருநந்தன் மீது பாண்டியன் படையெடுத்துக் கோட்டையை அழித்த செய்தியைக் கூறுகின்றது. அப்போரில் இறந்த வீரர்களின் பொருட்டு இங்கு அறம் செய்யப்பட்டது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணப் பள்ளி, போரில் மாண்டோரின் நன்மைக்காகவும் கொடை பெற்றது என்பதை இதனால் அறியலாம்.

பாண்டியருக்குப் பின் இப்பகுதி சோழர், பிற்காலப் பாண்டியர், மதுரை நாயக்கர் ஆகியோரின் ஆட்சிக்கு உட்பட்டது. பாளையக்காரர் காலம் முதல் எட்டயபுரம் ஆட்சியாளர்களின் ஆளுகையில் இருந்தது. அவர்கள் கழுகாசலமூர்த்தி கோயிலின் புரவலர்களாகவும் விளங்கினர்.

வெட்டுவான் கோயில்

அமைப்பு

வெட்டுவான் கோயில், பாறையை மேலிருந்து கீழ்நோக்கி வெட்டிச் சென்று உருவாக்கப்பட்ட ஒற்றைக்கல் தளி ஆகும். கற்களை அடுக்கிக் கட்டும்போது அடித்தளம் முதலிலும் சிகரம் இறுதியிலும் அமையும். ஒற்றைக்கல் கோயிலில் இம்முறை தலைகீழாகும். குன்றின் சரிவில் ஏறத்தாழ 7.5 மீட்டர் ஆழத்துக்குச் செவ்வக வடிவில் பள்ளம் வெட்டி, நடுவில் விடப்பட்ட பாறையையே சிற்பிகள் கோயிலாகச் செதுக்கினர். இம்முறையில் தவறாக விழுந்த வெட்டைத் திருத்தவோ, உடைந்த பகுதிக்கு மாற்றுக் கல் வைக்கவோ இயலாது. எனவே வேலை தொடங்கும் முன்பே முழு வடிவமும் சிற்பியின் உள்ளத்தில் அமைந்திருத்தல் வேண்டும்.

கோயிலின் சிகரம் எண்பட்டை வடிவினது. சிகரமும் அதன் கீழுள்ள தளங்களும் நுணுக்கமாக முடிக்கப்பட்டுள்ளன. கீழே செல்லச் செல்ல வேலை குறைந்து, அடிப்பகுதி உருவரை மட்டும் காட்டும் பாறையாக நின்றுவிடுகின்றது. கருவறையும் அதன் முன்னுள்ள பகுதியும் தொடக்க நிலையிலேயே விடப்பட்டுள்ளன. தற்போது அங்குள்ள பிள்ளையார் திருவுருவம் பிற்காலத்தில் வைக்கப்பட்டதாகும்.

சிற்பங்கள்

மேல் தளங்களில் உமையுடன் அமர்ந்த சிவன், தட்சிணாமூர்த்தி, திருமால், நான்முகன் ஆகியோரின் சிற்பங்கள் இடம்பெற்றுள்ளன. இவற்றுள் தெற்கு நோக்கிய தட்சிணாமூர்த்தி சிற்பம் தனித்தன்மை வாய்ந்தது. பிற கோயில்களில் மௌனமாக அறம் உரைப்பவராகவோ வீணை ஏந்தியவராகவோ காணப்படும் தட்சிணாமூர்த்தி, இங்கு மத்தளம் இசைப்பவராக அமைக்கப்பட்டுள்ளார். பூதகணங்கள், ஆடல் மகளிர், நந்திகள், சிங்கங்கள், குரங்குகள் ஆகியவற்றின் உருவங்களும் உள்ளன. கணங்களின் முகங்களில் காணப்படும் நகைச்சுவையும் பெண் உருவங்களின் அணிகலன்களும் பாண்டியச் சிற்பக்கலையின் முதிர்ச்சியைக் காட்டுவன.

காலமும் ஒப்பீடும்

இக்கோயிலைத் தோற்றுவித்தவரைக் கூறும் கல்வெட்டு எதுவும் இதில் இல்லை. கட்டடக்கலைக் கூறுகளையும் சிற்ப அமைதியையும் கொண்டே இதன் காலம் கணிக்கப்படுகின்றது. பல்லவரின் மாமல்லபுரம் ஒற்றைக்கல் இரதங்கள் 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருட்டிணன் காலத்தில் (756-773) எல்லோராவில் கைலாசநாதர் கோயில் குடையப்பட்டது. வெட்டுவான் கோயில் அதற்கு ஏறத்தாழச் சமகாலத்தது. அளவில் மிகச் சிறியதாயினும், மலையைச் சுற்றிலும் வெட்டி நடுவே கோயிலைத் தனித்து நிற்கச் செய்யும் முறையில் எல்லோராவை ஒத்திருப்பதால், இது தென்னாட்டின் எல்லோரா எனப் போற்றப்படுகின்றது. எத்தியோப்பியாவின் லாலிபெலாவில் உள்ள கிறித்தவத் தேவாலயங்களும் இவ்வாறே தரைமட்டத்தில் இருந்து கீழ்நோக்கிச் செதுக்கப்பட்டவை ஆகும்.

முற்றுப்பெறாமை

வேலை நின்றதற்கான காரணத்தைச் சொல்லும் சான்று இல்லை. ஆயினும் முற்றுப்பெறாத இந்நிலையே இக்கோயிலுக்கு ஒரு கல்விப் பயனைத் தந்துள்ளது. முழுமை பெற்ற ஒற்றைக்கல் கோயிலில் வேலையின் படிநிலைகள் மறைந்துவிடும். இங்கோ, மெருகேற்றி முடித்த சிகரம், உருவம் தெளியத் தொடங்கிய இடைப்பகுதி, உளி படாத அடிப்பகுதி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் காண முடிகின்றது. பண்டைச் சிற்பிகள் எந்த வரிசையில் வேலை செய்தனர் என்பதை அறிய விரும்பும் மாணவருக்கு இது ஒரு பாடநூல் போன்றது.

செவிவழிக் கதை

இக்கோயிலைப் பற்றி ஊர் மக்களிடையே ஒரு கதை வழங்குகின்றது. தந்தையும் மகனுமான இரு சிற்பிகள் இக்குன்றில் தனித்தனியே வேலை செய்தனர் என்றும், மகனின் திறமையைப் பிறர் புகழக் கேட்டுப் பொறாமை கொண்ட தந்தை அவனைக் கொன்றுவிட்டார் என்றும், அதனால் கோயில் பாதியில் நின்றது என்றும் அக்கதை கூறும். கதையின் விவரங்கள் சொல்பவர்க்கு ஏற்ப மாறுபடும். இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை.

சமணச் சிற்பங்கள்

குன்றின் மேற்பகுதியில், இயற்கையாக அமைந்த பாறை முகப்பில் ஏறத்தாழ 150 சமணப் புடைப்புச் சிற்பங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. மக்கள் வழக்கில் இவ்விடம் சமணர் படுகை எனப்படுகின்றது. பெரும்பாலானவை தாமரைப் பீடத்தில் முக்குடையின் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர் உருவங்கள் ஆகும். அளவில் சிறியனவாக, ஒன்றுபோலவே தோன்றும் இவற்றினிடையே சில பெரிய சிற்பங்களும் உள்ளன.

அவற்றுள் குறிப்பிடத்தக்கவை வருமாறு:

பார்சுவநாதர்: 23 ஆம் தீர்த்தங்கரர். கமடன் அவரைத் தாக்க முற்படுவதும், நாகவேந்தனான தரணேந்திரன் தன் படத்தால் அவரைக் காப்பதும் காட்டப்பட்டுள்ளன.

பாகுபலி: அசையாது நின்று தவம் செய்யும் அவருடைய உடலைக் கொடிகள் சுற்றிப் படர்ந்துள்ளன. கருநாடகத்தின் சிரவணபெளகொளாவில் 10 ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட மாபெரும் சிலைக்கு இச்சிற்பம் காலத்தால் முற்பட்டது.

அம்பிகை: நேமிநாதரின் இயக்கி. மரத்தின் கீழ், குழந்தைகளுடனும் சிங்கத்துடனும் நிற்கிறாள்.

பதுமாவதி: பார்சுவநாதரின் இயக்கி.

கல்வெட்டுகள்

சிற்பங்களின் கீழே சுமார் நூறு சிறு கல்வெட்டுகள் உள்ளன. இவற்றின் மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து. இவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் பதிப்பிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை ஓரிரு வரிகளே கொண்டவை. இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார், இன்னாருக்காகச் செய்வித்த திருமேனி என்பதே இவற்றின் பொதுவான அமைப்பாகும்.

மன்னரின் போர்களையும் கொடைகளையும் புகழும் நெடிய மெய்க்கீர்த்திகளில் எளிய மக்கள் இடம்பெறுவது அரிது. கழுகுமலையில் நிலைமை வேறு. தச்சர், குயவர், உழவர் போன்ற குடிமக்கள் தாமே பொருள் ஈந்து சிற்பம் செய்வித்துள்ளனர். சிலர் தமக்காகவும், சிலர் இறந்த உறவினருக்காகவும், சிலர் தம் ஆசிரியருக்காகவும் செய்வித்தனர். ஒருவரால் ஒரு பெருங்கோயிலை எடுக்க இயலாது. ஆனால் ஒரு சிறு திருமேனியைச் செய்விக்க இயலும். அவ்வாறு பல தலைமுறைகள் சேர்த்தளித்த சிறு கொடைகளின் தொகுப்பே இப்பாறை.

கொடையாளர் அனைவரும் உள்ளூரார் அல்லர். இன்றைய நாகர்கோவிலின் பகுதியான கோட்டாறு, கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையான திருச்சாரணம், தென்பாண்டி நாட்டுக் குறண்டி முதலிய இடங்களைச் சார்ந்தோரும் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகின்றனர். இதனால் இக்குன்று, தென் தமிழகம் முழுவதிலும் இருந்து துறவியரும் இல்லறத்தாரும் வந்து கூடிய ஒரு நடுவமாக விளங்கியது எனத் தெரிகின்றது.

குரத்தியரும் பள்ளியும்

சமணப் பெண் ஆசிரியர்கள் குரத்தியர் எனப்பட்டனர். குரவர் என்பதன் பெண்பால் வடிவம் இது. திருச்சாரணத்துக் குரத்திகள், நால்கூர்க் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார், மம்மைக் குரத்திகள் எனப் பலர் கழுகுமலைக் கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றனர். இவர்கள் சிற்பம் செய்வித்தவராக மட்டுமன்றி, மாணாக்கரைப் பெற்ற ஆசிரியராகவும் குறிக்கப்படுகின்றனர். பெண்கள் துறவு பூண்டு, நெடுந்தொலைவு பயணித்து, சமயக் கல்வி கற்பித்தனர் என்பதற்கு இக்கல்வெட்டுகள் நேரடிச் சான்றாகும்.

மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, குணசாகர படாரர் என்னும் ஆசிரியரையும், சித்தாந்தம் உரைக்கும் வைராக்கியருக்கு உணவளிக்க விடப்பட்ட கொடையையும் கூறுகின்றது. எனவே இங்கு வழிபாட்டிடம் மட்டுமன்றி, சமய நூல்களைப் பயிற்றும் பள்ளியும் செயற்பட்டது எனக் கொள்ளலாம். பள்ளி என்னும் சொல் தமிழில் சமணர், பௌத்தர் ஆகியோரின் உறைவிடத்தைக் குறித்துப் பின்னர்க் கல்விக்கூடத்தைக் குறிப்பதாயிற்று என்பது இங்கு நினைவு கொள்ளத்தக்கது.

பிற்காலத்தில் சமணம் இப்பகுதியில் வழக்கொழிந்தது. பள்ளி மறைந்த பின்னும் சிற்பங்கள் நிலைத்தன. அவற்றை ஒட்டி அய்யனார் கோயில் ஒன்று அமைந்து, மக்கள் வழிபாட்டில் உள்ளது.

பிறநாட்டு ஒப்புமை

தனி மனிதரின் நன்மை வேண்டிப் பாறையில் திருவுருவம் வெட்டி, பெயரையும் பொறித்து வைக்கும் வழக்கம் பிற மலைநாடுகளிலும் உண்டு. ஆர்மீனியாவின் மலையூர்களில் கச்கார் எனப்படும் சிலுவைக் கற்கள் காணப்படுகின்றன. அவற்றுள் பலவற்றில், செய்வித்தவரின் பெயரும், இன்னாருக்காக இறைவனை வேண்டுக என்னும் வாசகமும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்நாட்டின் கெகார்ட் மடாலயத்தில் 13 ஆம் நூற்றாண்டில் மலையைக் குடைந்து அமைத்த வழிபாட்டு அறைகளும் உள்ளன. இம்மடாலயம் 2000 ஆம் ஆண்டில் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. இரு நாட்டு மரபுகளுக்கும் இடையே தொடர்பு எதுவும் இல்லை. எனினும் நோக்கத்தில் உள்ள ஒற்றுமை குறிப்பிடத்தக்கது.

கழுகாசலமூர்த்தி கோயில்

குன்றின் அடிவாரத்தில் உள்ள முருகன் கோயிலின் கருவறை மலையைக் குடைந்து அமைக்கப்பட்டதாகும். முன்னுள்ள மண்டபங்கள் பிற்காலக் கட்டுமானங்கள். முருகன் ஒரு முகமும் ஆறு கரங்களும் கொண்டவராய், மயில் மீது அமர்ந்து மேற்கு நோக்கிக் காட்சியளிக்கிறார். இங்கு மயிலின் தலை முருகனின் இடப்புறம் உள்ளது. சூரனே மயிலாவதற்கு முன் இந்திரன் மயிலாக இருந்து முருகனைத் தாங்கினான் என இதற்கு விளக்கம் கூறப்படுகின்றது.

கருவறை மலையோடு ஒன்றியிருப்பதால் அதனை மட்டும் தனியே வலம்வர இயலாது. எனவே கோயிலை வலம்வருதல் என்பது இங்கு குன்றையே சுற்றி வருதல் ஆகும். தைப்பூசம், பங்குனி உத்திரம், கந்தசட்டி ஆகியவை முக்கியத் திருவிழாக்கள். பங்குனி உத்திரத்தில் தேரோட்டம் நடைபெறும்.

1895 ஆம் ஆண்டுக் கலவரம்

19 ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிப் பகுதியின் பல ஊர்களில் நாடார் சமூகத்தினருக்குக் கோயில் நுழைவும், தேரோடும் வீதிகளில் ஊர்வலம் செல்லும் உரிமையும் மறுக்கப்பட்டிருந்தன. வணிகத்தாலும் கல்வியாலும் முன்னேறிய அச்சமூகத்தினர் இத்தடைகளை எதிர்த்து மனுக்களும் வழக்குகளும் தொடர்ந்தனர். கழுகுமலையிலும் இவ்வுரிமை மறுக்கப்பட்டது. அதன்பின் அங்கிருந்த நாடார்களில் ஒரு பிரிவினர் கத்தோலிக்கக் கிறித்தவத்தைத் தழுவினர். தேர் வீதியை ஒட்டிய வீடு ஒன்று சிற்றாலயம் ஆயிற்று.

1895 ஆம் ஆண்டுப் பங்குனி உத்திரத் திருவிழாவில் தேர் அவ்வழியே வந்தபோது, வீதியில் இடப்பட்டிருந்த பந்தலை முன்னிட்டுத் தகராறு எழுந்து கலவரமாக முற்றியது. எட்டயபுரம் சமீனின் மேலாளர் உட்பட 10 பேர் உயிரிழந்தனர், வீடுகள் எரிக்கப்பட்டன.

இந்நிகழ்வு தனித்த ஒன்றன்று. 1897 இல் கமுதிக் கோயில் நுழைவு வழக்கும், 1899 இல் சிவகாசிக் கலவரமும் இதனைத் தொடர்ந்தன. கமுதி வழக்கில் 1908 ஆம் ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நடந்த நுழைவும், அவ்வாண்டில் இயற்றப்பட்ட சட்டமும், 1947 ஆம் ஆண்டின் கோயில் நுழைவு உரிமைச் சட்டமும் இத்தகைய தடைகளைச் சட்டப்படி நீக்கின.

தச்சரும் குயவரும் தம் பெயரைப் பாறையில் வெட்டிவைத்த அதே குன்றைச் சுற்றியுள்ள வீதிகளில், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் நடந்துசெல்லும் உரிமைக்காக உயிர்கள் போயின. கழுகுமலையின் வரலாறு இவ்விரண்டையும் உள்ளடக்கியதாகும்.

இலக்கியமும் இசையும்

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இயற்றிய காவடிச்சிந்து, கழுகுமலை முருகனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்து இளமையிலேயே மறைந்த இவரை ஊற்றுமலை சமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரித்தார். காவடி எடுத்து வருவோர் நடைக்கு ஏற்ப அமைந்த இச்சிந்துகள் கோயில் விழாக்களிலும் இசை அரங்குகளிலும் இன்றும் பாடப்படுகின்றன.

கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர், சுத்த தன்யாசி இராகத்தில் அமைந்த சுப்பிரமண்யேன ரட்சிதோகம் என்னும் கீர்த்தனையை இத்தல முருகன் மீது இயற்றினார். அவர் 1835 ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் காலமானார்.

பாதுகாப்பு

வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பத் தொகுதியும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாகும். கழுகாசலமூர்த்தி கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ளது.

கட்டடங்களில் உள்ள கல்வெட்டுகளைப் போலன்றி, இங்குள்ளவை திறந்த பாறையில் வெயிலுக்கும் மழைக்கும் ஆட்பட்டவை. எழுத்துகள் சிறியன, ஆழமும் குறைவு. பாறையில் பெயர் கிறுக்குதல், எண்ணெய் பூசுதல், சுண்ணாம்பு தடவுதல் போன்ற செயல்கள் ஒரு வரியை அழித்தாலும், வேறு எங்கும் பதிவாகாத ஒரு மனிதரின் பெயர் அதனுடன் அழியும். எனவே பார்வையாளர்கள் சிற்பங்களையும் எழுத்துகளையும் தொடாது காணுதல் வேண்டும்.

போக்குவரத்து

கோவில்பட்டியில் இருந்தும் சங்கரன்கோவிலில் இருந்தும் பேருந்து வசதி உண்டு. இவ்விரு ஊர்களிலும் தொடருந்து நிலையங்கள் உள்ளன. அடிவாரத்தில் இருந்து படிகள் வழியாக வெட்டுவான் கோயிலையும் சமணச் சிற்பங்களையும் அடையலாம். நிழல் குறைந்த பாறை என்பதால் காலை வேளை ஏறுவதற்கு ஏற்றது.

இவற்றையும் பார்க்கவும்

முற்காலப் பாண்டியர்
குடைவரைக் கோயில்கள்
தமிழகத்தில் சமணம்
சிதறால் மலை
வட்டெழுத்து
காவடிச்சிந்து
எட்டயபுரம்